அல்பம் முடிஞ்சுது, இனி எந்த வழியால வெளியில விடுற?

பாட்டெல்லாம் எடுத்து முடிச்சாச்சு, மிக்ஸும் (குரலையும் வாத்தியத்தையும் அளவாக் கலக்குறது) முக்கால்வாசி சரி, இனி மாஸ்டரிங்க (கலந்த பாட்டுக்கு கடைசியாச் சத்தமும் தொனியும் சரிப்படுத்துறது) ஆரிட்ட குடுக்குற, எந்தக் கொம்பனியால ஸ்பொடிஃபைக்கு ஏத்துற, ஒரேயடியா முழு அல்பமும் விடவா ஒவ்வொண்டா விடவா எண்டு கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாப் பக்கத்தாலயும் ஆக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறாங்க. ஆளுக்காள் வொய்ஸ் நோட் போட்டு எனக்கு தொண்டை கட்டிப்போச்சு, அதால மொத்தமா இஞ்ச எழுதிப்போடுறன். கேள்வி ஒண்டு போல தெரிஞ்சாலும் உள்ளுக்கு மூண்டு முடிவு கிடக்கு, மூண்டையும் கலந்து குழப்பிக்கொண்டா ஒண்டுமே நகராது.

முதல்ல எதை வச்சு அளக்குற

"எது நல்லம்" எண்டு கேட்டா ஆரும் பதில் சொல்லேலா. அளக்குறதுக்கு நான் வச்சிருக்கிறது இது அஞ்சுந்தான்.

முதல் செலவு எவ்வளவு, பிறகு இழுபடுற செலவு எவ்வளவு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும், முதல்ல மலிவா தெரியிறதுதான் அஞ்சாம் வருஷத்துல கூடப்போகுது.

நீங்க கைவிட்டா பாட்டுக்கு என்ன நடக்கும். இதைத்தான் ஒருத்தரும் கேக்குற இல்ல, எனக்கு இதுதான் முதலாவது. நம்மட பக்கத்துல பாட்டு செய்யிற பொடியனுக்கு அடுத்த வருஷம் கட்டார் விசா வரலாம், டீச்சிங் அப்பொய்ன்மென்ட் கிடைச்சு மொனராகலைப் பக்கம் போகலாம், கலியாணம் முடிக்கலாம், ஒண்டும் இல்லாட்டி பாங்க் கார்ட்டாவது எக்ஸ்பயர் ஆகும். அண்டைக்கு உங்கட பாட்டு அங்க இருக்குமா இல்லையா?

காசு இலங்கைக்கு வந்து சேருமா. டேஷ்போர்ட்ல டொலர் தெரியிறது வேற, மட்டக்களப்பு பாங்க்ல ரூவாவா எடுக்குறது வேற.

பாட்டு ஆர்ர பேர்ல இருக்கு.

கடைசியா, கேக்கப்போறது ஆரு. ஊர்ச்சனம் யூடியூப்லயும் வட்ஸ்அப்லயுந்தான் கேக்குற. ஸ்பொடிஃபை இலங்கைக்கு வந்ததே 2021ல, இப்ப கம்பஸ் பிள்ளைகள், ஒஃபிஸ் ஆக்கள் கொஞ்சம் கேக்குறாங்க. லண்டன், ரொறன்ரோ, சுவிஸ் சனம் வேற கணக்கு, அவங்க காசு குடுத்தே வாங்குவாங்க, ஆனா நீங்க சொன்னாத்தான் தெரியும்.

முதலாவது முடிவு: மாஸ்டரிங் ஆரு செய்யிற

*நீங்களே செய்யிறது*

காசு பூச்சியம் கிட்ட. ரீப்பர் எண்ட ரெக்கோடிங் சொஃப்ட்வெயார் தனியாளுக்கு 60 டொலர் லைசன்ஸ், அதோட வாற ப்ளகினே (சத்தத்தை மாத்துற குட்டி சொஃப்ட்வெயார்) மாஸ்டரிங்குக்கு காணும், யூலீன் எண்ட லவுட்னஸ் மீட்டர் ஃப்ரீயா கிடைக்கு. க்ரக் பண்ணின சொஃப்ட்வெயார்ல வேலை செஞ்சு ப்ரொஜெக்ட் ஃபைலே திறக்காம போனதும் நம்மட ஊர்ல நடக்கிற கதைதான், அதால அந்த 60 டொலர் வீண் இல்ல.

மறைஞ்ச செலவு எங்க எண்டா, மிக்ஸ் பண்ணின அதே காதும் அதே அறையுந்தான் மாஸ்டரும் பண்ணுது. நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், நடுவுல கட்டில், மூலைல மேசை எண்டு இருக்கிற அறைல பேஸ் ஒரு இடத்துல குவியும் ஒரு இடத்துல காணாமப் போகும், நீங்க இருக்கிற கதிரை காணாமப் போற இடத்துல எண்டா மிக்ஸ்லயும் பேஸை ஏத்தியிருப்பீங்க, மாஸ்டர்லயும் ஏத்துவீங்க, பிறகு அந்தப் பாட்டை சப் வூஃபர் பூட்டின ஓட்டோவில போட்டா கண்ணாடி நடுங்கும், பாட்டு விளங்காது.

மத்தது ஃபேன். ரெக்கோட் பண்ணக்குள்ள ஃபேனை நிப்பாட்டினா வேர்த்து ஒழுகும், அதால கனபேர் ஒண்டாம் நம்பர்ல மெதுவா ஓடவிட்டுத்தான் பாடுறது. மிக்ஸ்ல அது கேக்காது. மாஸ்டரிங்ல லிமிட்டரை (உச்சியை அமத்தி முழுச் சத்தத்தையும் ஏத்துற கருவி) போட்டு 8 டெசிபல் தூக்கினா அந்த ஃபேனும் 8 டெசிபல் தூக்குப்படும், பாட்டு முடிஞ்சு கீபோர்ட் பேட் (இழுபட்டு ஒலிக்கிற பின்னணிச் சத்தம்) தேஞ்சு போற கடைசி நாலு செக்கன்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்க, கட கட எண்டு சுத்துறது தெளிவா கேக்கும். மாரி காலத்துல எடுத்த குரல் எண்டா ஃபேனுக்குப் பதிலா தகரத்துல மழை. இதை மாஸ்டர்ல திருத்தேலா, மிக்ஸுக்கு திரும்பிப் போய் குரல் ட்ரக்ல (குரல் மட்டும் உள்ள பதிவுல) சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைல வெட்டி எடுக்கணும், ஃபேட் அவுட்டை (பாட்டு மெல்ல மறையிற இடத்தை) கொஞ்சம் முன்னுக்கு இழுக்கணும்.

நம்மட வாத்தியத்துக்கெண்டு இன்னொரு சிக்கல் இருக்கு. உடுக்கும் பறையும் உள்ள பாட்டை எடுத்துக்கொள்ளுங்க, மீட்டர்ல எகிறுறது முழுக்க அந்த அடி. லிமிட்டர் அந்த அடியைப் பிடிக்கப் போய் கூடவே குரலையும் அமுக்கும், ஒவ்வொரு அடிக்கும் குரல் கீழ போய் மேல வரும், முதல் தரம் கேக்கக்குள்ள "என்னமோ மூச்சு வாங்குற மாதிரி" எண்டு மட்டுந்தான் தெரியும். மருந்து மாஸ்டர்ல இல்ல, உடுக்கு ட்ரக்லயே ஒரு கம்ப்ரசரோ க்ளிப்பரோ போட்டு அந்த உச்சியை மட்டும் ரெண்டு மூண்டு டெசிபல் தட்டிவிட்டா முழுப்பாட்டும் நிமிந்து நிக்கும்.

சத்தம் எவ்வளவு வைக்கிற எண்டும் கேக்குறாங்க. ஸ்பொடிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்கு கேக்குற சராசரிச் சத்தத்தை அளக்கிற அலகு, பூச்சியத்துக்கு கிட்டப் போகப் போக சத்தம் கூட) அளவுக்கு கொண்டுவந்துதான் போடுறது, அப்பிள் மியூசிக்ல சவுண்ட் செக் எண்ட சத்தத்தைச் சமப்படுத்துற வசதி ஒன்ல இருந்தா மைனஸ் 16. நீங்க கஷ்டப்பட்டு மைனஸ் 8ல நசிச்சுக் குடுத்தா ஸ்பொடிஃபை அதை 6 டெசிபல் குறைச்சுப்போடும், நசிஞ்சது நசிஞ்சதுதான். அதுக்காக மைனஸ் 14ல நிப்பாட்டித்தான் ஆகணும் எண்டும் இல்ல, ஆட்டப்பாட்டு கொஞ்சம் சத்தமா இருக்கலாம், ட்ரூ பீக் (சத்தம் எகிறுற உச்சி) மட்டும் மைனஸ் 1க்கு மேல போகாம பாத்துக்கொள்ளுங்க. யூடியூப் சத்தம் கூடினதைக் குறைக்கும், குறைஞ்சதைக் கூட்டாது, அதால ரொம்ப மெல்லிசா குடுத்தா அங்க மெல்லிசாவேதான் கேக்கும்.

எப்ப இது நல்லம்: ஒரு குரலும் ஒரு கிட்டாரும் போல எளிய பாட்டு, அல்லது இது பழகுறதுக்கான அல்பம் எண்டு மனசுல தெளிவா இருந்தா.

*ஒன்லைன்ல மெஷின் செய்யிறது*

பேண்ட்லேப்ல சும்மா செய்யலாம், லேண்டர் போல காசுக்கு செய்யிறதும் இருக்கு, மெக் கம்பியூட்டர் வச்சிருக்கிற ஆக்களுக்கு லொஜிக் ப்ரோ எண்ட ரெக்கோடிங் சொஃப்ட்வெயாருக்குள்ளேயே 2023ல இருந்து மாஸ்டரிங் அசிஸ்டன்ட் வந்திருக்கு. ஏத்தின கையோட ரிசல்ட் வரும். சிங்கிள் (தனியா விடுற ஒரு பாட்டு) ஒண்டுக்கு, டெமோவுக்கு, பாடகிக்கு அனுப்பிக் காட்டுறதுக்கு எல்லாம் தாராளமா காணும்.

அல்பத்துக்குத்தான் இடிக்கும். பாட்டுப் பாட்டா ஏத்தினா மெஷின் ஒவ்வொண்டையும் தனித்தனியா ஒரே சத்தத்துக்கு கொண்டுவரும், அப்ப கூத்துப்பாட்டும் தாலாட்டும் ஒரே உயரத்துல நிக்கும், மூண்டாவது பாட்டு முடிஞ்சு நாலாவதா தாலாட்டு தொடங்கினா காதுக்குள்ள வந்து கத்துற மாதிரி இருக்கும். அல்பத்தை ஒழுங்கா அடுக்கி சத்தத்தை ஏத்த இறக்கமா வச்சிருந்தா, ஆரும் முழுசா கேக்கக்குள்ள ஸ்பொடிஃபையும் அந்த ஏத்த இறக்கத்தை அப்படியே விட்டுத்தான் போடும். மெஷின் "மிக்ஸ்ல குரல் பின்னுக்கு கிடக்கு, போய் மாத்திட்டு வா" எண்டு சொல்லாது, குடுத்ததை மினுக்கித் தரும்.

*ஆள் ஒருத்தரிட்ட குடுக்குறது*

கொழும்புல, யாழ்ப்பாணத்துல, சென்னைல எல்லாம் ஆக்கள் இருக்கிறாங்க. விலை ஆளுக்காள் வித்தியாசம், நான் இஞ்ச ஒரு நம்பர் எழுதினா பிழைச்சுப்போகும். விலையோட சேத்து என்ன கேக்கணும் எண்டா: எத்தினை தரம் திருத்தித் தருவீங்க, சீடிக்கு 16 பிட் கொப்பியும் சேத்து தருவீங்களா, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியையும் நீங்களே வச்சுத் தருவீங்களா. இதை வட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கொள்ளுங்க, வாயால சொன்னது மூண்டாவது திருத்தத்துல மறந்துபோகும்.

டேட்டாவும் ஒரு செலவு. 24 பிட் 44.1 கிலோஹேட்ஸ் ஸ்டீரியோ வேவ் ஃபைல் (சுருக்காத ஓடியோ) ஒரு நிமிஷத்துக்கு 16 எம்.பி கிட்ட வரும், நாலு நிமிஷப் பாட்டு 64 எம்.பி. மாஸ்டரிங்குக்கு மட்டும் எண்டா பரவாயில்ல, மிக்ஸும் அவரே செய்யட்டும் எண்டு 20 ஸ்டெம் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குரலுக்கும் தனித்தனி ஃபைல்) அனுப்பினா ஒரு பாட்டே ஒரு ஜி.பியைத் தாண்டும், எட்டுப் பாட்டுக்கு ராவைக்கு தாற டேட்டாவைப் பாத்து முழிச்சிருந்து ஏத்தணும். அனுப்புறதுக்கு முதல் மாஸ்டர் சனல்ல (எல்லா ட்ரக்கும் சேந்து வெளியில வாற இடத்துல) போட்டிருக்கிற லிமிட்டரைக் கழட்டுங்க, இது மறக்குற ஆக்கள் கனபேர்.

ஊரைத் தெரியாத ஆளுக்கு குடுக்குறதுல ஒரு சில்லறைத் தொல்லை இருக்கு. கூத்து மத்தளத்தை பேஸ் ட்ரம் போல தூக்கிவிடுவாங்க, கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குப் பாட்டுல பின்னுக்கு வாற கூட்டுக்குரலை "நொய்ஸ்" எண்டு நினைச்சு அமத்திப்போடுவாங்க. ஒரு ரெஃபரன்ஸ் பாட்டும் (இப்படிக் கேக்கணும் எண்டு காட்டுற மாதிரிப் பாட்டு) "இந்தக் குரல் கூட்டமாத்தான் கேக்கணும்" எண்டு ரெண்டு வரியும் அனுப்பினா சரி.

ஆனாலும் காசு கொஞ்சமாவது இருந்தா அதை இஞ்சதான் போடணும் எண்டு நான் சொல்லுவன். மாஸ்டரை விட பெரிசா நீங்க வாங்குறது உங்கட மிக்ஸை முதல்தரம் கேக்குற ஒரு பழகின காது. எட்டுப் பாட்டுக்கும் காசு இல்லாட்டி முக்கியமான ரெண்டை மட்டும் குடுங்க, வந்த மாஸ்டரை ரெஃபரன்ஸா வச்சு மத்த ஆறையும் நீங்களே அந்த அளவுக்கு இழுத்துக்கொண்டு வாங்க. இந்த ஐடியா கனபேருக்கு வேலை செஞ்சிருக்கு.

ரெண்டாவது முடிவு: எந்த வழியால வெளியில போற

முதல்ல இந்த அட்டவணையைப் பாத்துட்டு வாங்க, பிறகு ஒவ்வொண்டா கதைப்பம். முதல் மூண்டு வழியும் உங்கட பாட்டை ஸ்பொடிஃபை போல இடங்களுக்கு ஏத்தித்தாற கொம்பனிகள். விலைகள் மாறுற சாமான், ஏத்துற அண்டைக்கு அவங்கட பக்கத்துலயே ஒருக்கா பாருங்க.

| வழி | முதல் செலவு | பிறகு போறது | நீங்க கைவிட்டா |
|---|---|---|---|
| வருஷக்காசு (டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர்) | வருஷத்துக்கு 25 டொலர் கிட்ட | ஒவ்வொரு வருஷமும் அதே காசு, ஸ்ட்ரீமிங் காசுல வெட்டு இல்ல | பாட்டு இறங்கிப்போகும் |
| ஒருக்கா கட்டுறது (சீடி பேபி) | ஒரு ரிலீஸுக்கு (ஒரு சிங்கிளோ ஒரு அல்பமோ) 10 டொலர் கிட்ட, அல்பத்துக்கு கூடலாம் | வருமானத்துல 9 வீதம் | அங்கேயே இருக்கும் |
| சும்மா ஏத்துறது (ரூட்நோட் ஃப்ரீ) | இல்ல | வருமானத்துல 15 வீதம் | அங்கேயே இருக்கும் |
| வேற ஆக்கள்ர யூடியூப் சனல் | இல்ல | அநேகமா முழுக்க அவங்களுக்கு | அவங்கட இஷ்டம் |
| பேண்ட்கேம்ப் (கேக்குற ஆக்கள் நேரா காசு குடுத்து பாட்டு வாங்குற தளம்) | இல்ல | டிஜிட்டல்ல 15 வீதம், சீடி போல சாமான்ல 10 வீதம் | இருக்கும் |
| இறுவட்டு (சீடி) வெளியீட்டு விழா | மண்டபம், பிரதி, அழைப்பிதழ் | இல்ல | மிச்சப் பிரதி அலுமாரிக்குள்ள |

*வருஷக்காசு கட்டுறது*

மாசத்துக்கு ஒண்டு ரெண்டு மாசத்துக்கு ஒண்டு எண்டு விட்டுக்கொண்டே இருக்கிற ஆளுக்கு இதை விட மலிவு வேற இல்ல, எத்தினை பாட்டு ஏத்தினாலும் அதே காசு. டொலர் முந்நூறு ரூவாவை ஒட்டி நிக்கக்குள்ள வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூவா அளவு.

ஆனா டிஸ்ட்ரோகிட்ல மலிவான ப்ளேன் எடுத்தா ரிலீஸ் திகதியை நீங்க குறிக்கேலா, அடுத்த ப்ளேனுக்குப் போகணும். பொங்கலுக்கு விடுவம், வைகாசிக் குளிர்த்திக்கு விடுவம் எண்டு திகதி பாத்து வேலை செய்யிற ஆளுக்கு மலிவான ப்ளேன் ப்ளேனே இல்ல. மத்தது, கட்டாம விட்டா பாட்டு இறங்கும் எண்டு சொன்னன் தானே, அது நடக்காம இருக்க அவங்களே ஒரு வசதி விக்கிறாங்க, அல்பத்துக்கு 49 டொலர் கிட்ட ஒருக்கா கட்டினா நீங்க விட்டுட்டுப் போனாலும் பாட்டு நிக்கும். அதையும் கூட்டிப்பாத்தா "மலிவு" எங்க போச்சு?

*ஒருக்கா கட்டிட்டு மறக்குறது*

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 25 டொலர் கட்டுறதும் 9 வீதம் விடுறதும் சமமாகணும் எண்டா வருஷத்துக்கு 278 டொலர் அளவு ஸ்ட்ரீமிங் காசு வரணும். ஒரு ஸ்ட்ரீமுக்கு கிடைக்கிறது ஒரு அமெரிக்க சதத்தை விட எவ்வளவோ குறைவு, அதோட 2024ல இருந்து ஸ்பொடிஃபைல ஒரு பாட்டு பன்னிரண்டு மாசத்துல 1,000 தரம் ஓடாட்டி அந்தப் பாட்டுக்கு காசே இல்ல. முதல் அல்பம் விடுற நம்மட ஆள் ஒருத்தர் ஸ்ட்ரீமிங்ல மட்டும் 278 டொலர் வருஷாவருஷம் பாக்குறது லேசான விஷயம் இல்ல. அப்ப 9 வீதம் எண்டு பயப்பட என்ன இருக்கு?

எட்டுப் பாட்டு, ஒரு அல்பம், அதுக்குப் பிறகு எப்ப அடுத்தது எண்டு தெரியாத ஆளுக்கு இதுதான் சரி. அஞ்சு வருஷத்துல வருஷக்காசுக்காரர் 125 டொலர் கட்டியிருப்பார், இஞ்ச முதல் கட்டினதோட முடிஞ்சுது. சிக்கல் ரிலீஸ் எண்ணிக்கைலதான், நாலு சிங்கிளும் பிறகு அல்பமும் எண்டா அஞ்சு தரம் கட்டணும், குறைஞ்சது அம்பது டொலர் கிட்ட. சீடி பேபி பேர்லதான் சீடி, சீடியை எடுத்து வித்துக் குடுக்குற வேலையை 2023லயே நிப்பாட்டிட்டாங்க.

*சும்மா ஏத்துறது*

கையில கார்ட்டே இல்லாத கம்பஸ் பிள்ளைக்கு இது போதும். உதவி கேட்டு மெயில் போட்டா பதில் ஆடி அசைஞ்சு வரும், பாட்டு செக் பண்ணி மேல போகவும் நாளாகும், காசும் ஒரு அளவு சேரும் வரைக்கும் வெளியில வராது. திகதி அவசரம் இல்லாட்டி இதுல ஒரு குறையும் இல்ல. பிறகு வேற கொம்பனிக்கு மாறினாலும் பாட்டுக்கு குடுத்த ஐ.எஸ்.ஆர்.சி நம்பரை, பாட்டை அடையாளம் காட்டுற அந்தப் பன்னிரண்டு எழுத்தை, எழுதி வச்சிருங்க, அதே ஓடியோவை அதே நம்பரோட ஏத்தினா ஓடின கணக்கு அழியாம கூடவே வரும்.

*"எங்கட சனல்ல போடுறம்" எண்டு வாற ஆக்கள்*

ரெண்டு லட்சம் சப்ஸ்கிரைபர் இருக்கு, வீடியோவும் நாங்களே எடிட் பண்ணித் தாறம், நீங்க பாட்டை மட்டும் தாங்க. கேக்க இனிப்பா இருக்கும். அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒராள் இப்படி ஒரு சனலுக்கு ரெண்டு பாட்டு குடுத்துட்டு, பிறகு தன்ட அல்பத்துல அதே பாட்டைப் போட்டு யூடியூப்ல ஏத்தினா, அவட பாட்டுக்கே கொபிரைட் க்ளெய்ம் (பாட்டு தங்கடது எண்ட உரிமைகோரல்) வந்து நிக்குது. சனல்காரங்க கொன்டென்ட் ஐடில (அதே பாட்டு யூடியூப்ல வேற எங்க இருந்தாலும் தானாக் கண்டுபிடிக்கிற முறை) தங்கட பேர்ல பதிஞ்சுட்டாங்க. எழுத்துல ஒண்டும் இல்ல, ஆரிட்டப் போய் கேக்குற?

இலங்கைல 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டை ஆக்கின உடனேயே உரிமை உங்களுக்குத்தான், எங்கயும் போய்ப் பதியத் தேவையில்ல, ஆக்கினவர்ர ஆயுளும் அதுக்குப் பிறகு 70 வருஷமும். ஆனா சட்டத்துல உரிமை இருக்குறதும் யூடியூப்ல க்ளெய்மை எடுப்பிக்கிறதும் ரெண்டு வேலை. குடுக்கிறதா இருந்தா "வீடியோ மட்டும், ஒரு வருஷத்துக்கு, கொன்டென்ட் ஐடி போடேலா, ஓடியோ உரிமை எனக்கு" எண்டு நாலு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்க. அப்படி எழுத மாட்டம் எண்டு சொல்லுற ஆளுக்கு குடுக்காதீங்க.

இதே வலை உங்கட பக்கமும் திரும்பும். ரோயல்டி ஃப்ரீ லூப் பேக்ல (ஆரும் பாவிக்கலாம் எண்டு குடுக்குற ரெடிமேட் இசைத் துண்டுகள்) இருந்து எடுத்த தவிலோ ஃப்ளூட்டோ உங்கட பாட்டுல அப்படியே கிடந்தா, கொன்டென்ட் ஐடி பக்கம் போகாதீங்க, அதே லூப்பை எடுத்த மத்த ஆயிரம் பேருக்கும் உங்கட பேர்ல க்ளெய்ம் போகும், அவங்க திருப்பி அடிச்சா உங்கட கணக்குக்குத்தான் ஆபத்து.

*உங்கட சொந்த யூடியூப் சனல்*

ஊர்ச்சனத்துக்கு இது கட்டாயம், இதை வழி எண்டு கணக்கெடுக்கவே தேவையில்ல. காசு எண்டு பாத்தா விளம்பரப் பங்கு வாங்க 1,000 சப்ஸ்கிரைபரும் பன்னிரண்டு மாசத்துல 4,000 மணித்தியாலம் பாத்த கணக்கும் வேணும், பிறகு அட்சென்ஸ் எண்ட கூகிள்ர விளம்பரக் கணக்குல 100 டொலர் சேரணும். பத்து டொலர் வந்தவுடன ஒரு பின் நம்பரை தபால்ல அனுப்புவாங்க, ஒழுங்கை பேரும் வீட்டு நம்பரும் இல்லாத அட்ரஸ்காரங்க தபால்காரரிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க.

*பேண்ட்கேம்ப்*

வெளிநாட்டுல இருக்கிற நம்மட சனத்துக்கு இதுதான் பொருத்தம், ஒரு மாமா பத்து டொலர் போட்டு வாங்கினா அது ஸ்பொடிஃபைல ஆயிரக்கணக்கான தரம் ஓடினதுக்கு சமம். காசு வாறது பேபால் எண்ட ஒன்லைன் காசுக் கணக்கு வழியா எண்டதுதான் தொல்லை, இலங்கைக் கணக்குல பேபாலால காசு கட்டலாம், வாங்குறது எண்டா கனகாலமா இழுபறி. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரர்ர கணக்குல எடுப்பிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, அவருக்கு அங்க வரிக் கணக்குல அது வருமானமா தெரியும் எண்டதை முதல்லயே கதைச்சுக்கொள்ளுங்க, காசு விஷயத்துல சொந்தம் முறியிறது சுகமில்ல.

*இறுவட்டு வெளியீடு*

சிரிக்காதீங்க, நம்மட ஊர்ல அல்பத்துக்கு போட்ட காசு திரும்பி வந்த கதைகள்ல பாதி இந்த வழியாத்தான். தேவநாயகம் மண்டபமோ கோயில் மண்டபமோ பாடசாலை மண்டபமோ, பிரதம விருந்தினர், முதற்பிரதி, பிறகு பேர் வாசிச்சு வாசிச்சு சிறப்புப் பிரதி. என்வலப்புக்குள்ள ஆயிரமும் இருக்கும் அஞ்சாயிரமும் இருக்கும், அது பாட்டுக்கு இல்ல உங்கட குடும்பத்துக்கும் உங்கட வாத்தியாருக்கும் குடுக்குற மரியாதை, அதுல வெக்கப்பட ஒண்டும் இல்ல. விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகளை லைவ்வா ரெண்டு பாட்டு வாசிக்கக் கூப்பிட்டா பேச்சை விட பாட்டு கூட இருக்கும், அதுவே பெரிய காரியம்.

மறைஞ்ச செலவு: அழைப்பிதழ், தேத்தண்ணி, பொன்னாடை, சவுண்ட் சிஸ்டம், வீடியோ எண்டு கூட்டிப்பாத்தா மாஸ்டரிங் செலவைத் தாண்டும். சீடி ப்ளேயர் இப்ப ஆர்ர வீட்டுல இருக்கு? பிரதியை நூறுக்குள்ள நிப்பாட்டுங்க, கவருக்குள்ள கியூஆர் கோட் ஒண்டு அச்சடிச்சு விடுங்க, பென்ட்ரைவ் குடுக்குறதா இருந்தா எம்.பி.த்ரீயா போடுங்க, காரும் வேனும் வேவ் ஃபைலை எல்லா நேரமும் வாசிக்காது.

மூண்டாவது முடிவு: முழுசாவா, ஒவ்வொண்டாவா

இதுல ரொம்ப யோசிக்க ஒண்டும் இல்ல. பேர் தெரியாத ஆள் எட்டுப் பாட்டை ஒரே நாள்ல விட்டா சனம் முதல் ரெண்டைக் கேட்டுட்டுப் போகும். ஸ்பொடிஃபைல பாட்டுப்பட்டியல் போடுற எடிட்டர்மாருக்கு வெளியாகாத பாட்டைக் காட்டுற வசதி ஒரு ரிலீஸுக்கு ஒரு பாட்டுத்தான், குறைஞ்சது ஏழு நாளைக்கு முதலே குடுக்கணும், ஒவ்வொண்டா விட்டா ஒவ்வொரு தரமும் காட்டலாம். மூண்டு சிங்கிள் விட்டு, அதே ஐ.எஸ்.ஆர்.சியோட அல்பத்துக்குள்ள சேத்தா ஓடின கணக்கு கூடவே வரும்.

கதையா ஓடுற அல்பம் எண்டா, கூத்து மாதிரி வரவுப்பாட்டுல தொடங்கி மங்களத்துல முடியிறதெண்டா, உடைக்காதீங்க. அதை ஒரே நாள்ல விடுங்க, வெளியீட்டு விழாவோட சேத்து.

திகதி: கல்முனை, சம்மாந்துறை, காத்தான்குடிப் பக்கம் கேக்குற ஆக்கள் கூட எண்டா நோன்பு மாசத்தைத் தவிருங்க. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் நடக்குற கிழமைல மட்டக்களப்புல ஒருத்தரையும் மண்டபத்துக்கு கூப்பிடேலா.

ஆருக்கு எது

முதல் அல்பம், கையில முப்பதாயிரம் ரூவாக்குள்ள எண்டா: ரெண்டு பாட்டை ஆளிட்ட மாஸ்டருக்கு குடுங்க, மிச்சத்தை அதை வச்சு நீங்களே, ஒருக்கா கட்டுற கொம்பனில அல்பமா ஏத்துங்க, யூடியூப் உங்கட சனல்ல. சிங்கிளா விட்டுத்தான் பழகணும் எண்டா அதே கொம்பனில ரெண்டு சிங்கிளோட நிப்பாட்டுங்க.

மாசம் மாசம் பாட்டு செய்யிற, கீபோர்ட்டை விட்டு எழும்பாத ஆள்: வருஷக்காசு, திகதி குறிக்கிற ப்ளேன். பாங்க் கார்ட் எக்ஸ்பயர் திகதியை போன்ல ரிமைன்டர் போட்டு வையுங்க.

கூத்துப்பாட்டு, கவி, வசந்தன் ஆட்டப்பாட்டு போல ஊர்ச் சொத்தை எடுத்துச் செஞ்ச ஆள்: வெளியீட்டு விழாவும் பேண்ட்கேம்பும் முதல், ஸ்ட்ரீமிங் பிறகு. நாட்டார் பாட்டு தனி ஒராள்ர சொத்து இல்ல, உங்கட இசையமைப்பு உங்கடது, ஆனா அந்தப் பாட்டைப் பாடித்தந்த அண்ணாவியார்ர (கூத்துப் பழக்குறவர்ர) பேரை க்ரெடிட்ல போடாம விட்டா ஊருக்குள்ள தலை காட்டேலா, அவருக்கு என்ன பங்கு எண்டதையும் ஏத்துறதுக்கு முதலே எழுதிக்கொள்ளுங்க.

கார்ட் இல்ல, காசு இல்ல, படிக்கிற பிள்ளை: பேண்ட்லேப்ல மாஸ்டர், சும்மா ஏத்துற கொம்பனி.

எந்த வழியா இருந்தாலும் ஏத்துற அண்டைக்கு கையில இருக்க வேண்டியது: 3000க்கு 3000 பிக்சல் சதுரக் கவர், அதுல போன் நம்பரோ யூடியூப் லிங்கோ இருந்தா திருப்பி அனுப்புவாங்க. உங்கட பேரை இங்கிலிஷ்ல ஒரே எழுத்துக்கூட்டுல எல்லாப் பாட்டுக்கும் எழுதுங்க, ஒரு எழுத்து மாறினா ஸ்பொடிஃபைல ரெண்டு ஆளா பிரிஞ்சு கிடப்பீங்க. பேருக்கு ஏற்கனவே வேற ஒரு ஆள் இருந்தா ஊர்ப்பேரைச் சேத்துக்கொள்ளுங்க. பாடின ஆள், வாசிச்ச ஆள், வரி எழுதின ஆள் எல்லாரிட்டயும் ஓம் எண்டு எழுத்துல வாங்கின ஸ்க்ரீன்ஷொட். காசு எடுக்கிற பக்கத்துல இலங்கைக்கு என்ன வழி தாறாங்க எண்டு கணக்கு திறக்கிறதுக்கு முதலே பாருங்க, பயோனியர் எண்ட காசு அனுப்புற சேவை இருந்தா நம்மட பாங்க்குக்கு இறக்குறது லேசு. அமெரிக்க வரிக்கு டபிள்யூ-8 பென் எண்டு ஒரு ஃபோர்ம் வரும், பயந்து மூடிப்போடாதீங்க, அதை நிரப்பாட்டி அமெரிக்காவுல ஓடின பங்குல 30 வீதத்தை வரியா கழிச்சுட்டுத்தான் தருவாங்க.